ஹாக்கி விடுதியில் உடற்தகுதிப் பயிற்சியாளர் வேலையா? சேரும் முன் படியுங்கள்

2025-இன் இறுதியில் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் ஆடின; இந்தியாவுக்கு வெண்கலம். கேலரியில் இருந்தவர்கள் கோல் அடித்தவரையும் கோல்கீப்பரையும் பார்த்துக் கைதட்டினார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தவர்கள் இன்னொருவரையும் கவனித்திருக்கலாம். கோன்களை வரிசையாக வைத்து, பிள்ளைகளுக்கு வார்ம் அப் கொடுத்து, யாருக்குத் தொடை பிடித்திருக்கிறது, யார் நேற்று சரியாகத் தூங்கவில்லை என்று விசாரித்துக்கொண்டு நிற்பவர். இந்தக் கட்டுரை அவருடைய வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி பதக்கம் வென்றபோது அதன் உடற்தகுதிப் பொறுப்பு ராபின் ஆர்கெலிடம் இருந்தது. நான்காம் இடம் வரை வந்த பெண்கள் அணிக்கு வேய்ன் லம்பார்ட். இருவரும் வெளிநாட்டவர்கள். தேசிய அணிக்கு அப்படி ஆள் தருவிக்கலாம். ஆனால் அந்த அணிக்குப் போகும் உடல் 12 வயதிலிருந்து 17 வயதுக்குள், ஏதோ ஒரு விளையாட்டு விடுதியில், நம் ஊர் மைதானத்தில் உருவாகிறது. மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி விடுதியில் பயின்று 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்தவர்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரத் தமிழ் பேசும், ஊர் தெரிந்த, படித்த ஆட்கள் வேண்டும். கேலோ இந்தியா மையங்கள், மாநிலச் சிறப்பு மையங்கள், தனியார் அகாடமிகள், பள்ளிகள் என்று இடங்களும் கூடி வருகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்கள் திறமைக்கு ஒரே அளவுகோல்தான் உண்டு: ஆண்டு முழுக்க எத்தனை பிள்ளைகள் காயமில்லாமல் மைதானத்தில் நின்றார்கள்? எத்தனை பேர் வாந்தி எடுக்கும் வரை ஓடினார்கள் என்பது கணக்கில் வராது. களைப்பூட்டுவது யாருக்கும் கைவரும் வேலை. விசில் இருந்தால் போதும்.

ஆட்டம் உடலிடம் என்ன கேட்கிறது?

மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். 15 நிமிடம் வீதம் நான்கு கால்பகுதிகள். ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. ஒரு வீரர் சில நிமிடம் முழு வேகத்தில் ஆடி, வெளியே வந்து மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போவார். ஆகவே மைதானத்தைச் சுற்றி ஒரே வேகத்தில் பத்து ரவுண்டு ஓடுவது இந்த ஆட்டத்துக்கான தயாரிப்பு ஆகாது. பாய்ந்து ஓடி, சட்டென நின்று, திரும்பி, மறுபடி பாயும் திறன் வேண்டும். அதிலும் நிற்பதுதான் கடினம். முழங்கால் அடி வாங்குவது பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கும் அந்த நொடியில்தான்; தொடையின் பின்தசை (ஹாம்ஸ்ட்ரிங்) அடி வாங்குவது பெரும்பாலும் முழு வேகப் பாய்ச்சலில்.

இன்னொரு விஷயம் ஹாக்கிக்கே உரியது. ஸ்டிக்கின் தட்டைப் பக்கம் இடப்புறம் மட்டுமே; இடக்கைக்காரருக்கு என்று தனி ஸ்டிக் விதியில் கிடையாது. எல்லோரும் இடக்கை மேலே, வலக்கை கீழே பிடித்து, குனிந்து, ஒரே பக்கமாக உடலைத் திருப்பி ஆடுகிறார்கள். பத்து வயதில் ஸ்டிக் பிடித்த பிள்ளை பதினாறு வயதுக்குள் எத்தனை ஆயிரம் முறை அப்படித் திரும்பியிருக்கும் என்று யோசியுங்கள். கீழ் முதுகு வலி, இடுப்பு மடிப்பில் வலி, ஹாம்ஸ்ட்ரிங் பிடிப்பு ஆகிய மூன்றும்தான் உங்கள் பதிவேட்டில் அடிக்கடி வரும். பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசும் ட்ராக் ஃபிளிக் பழகும் பிள்ளைகளுக்கு இவை இன்னும் சீக்கிரம் வரும். ஒரு நாளைக்கு எத்தனை ஃபிளிக் என்று எண்ணி எழுதும் வழக்கத்தை ஹாக்கிப் பயிற்சியாளரோடு பேசி முதல் மாதமே கொண்டுவந்துவிடுங்கள்.

படிப்பும் சான்றிதழும்

உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், பிசியோதெரபி என்று மூன்று வாசல்களில் எது வழியாகவும் உள்ளே வரலாம். சென்னையை ஒட்டிய மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920 முதல் நடக்கிறது. காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி, போரூரில் ஸ்ரீராமச்சந்திராவின் விளையாட்டு அறிவியல் படிப்புகள், வடக்கே போகத் தயாராக இருப்பவர்களுக்குப் பாட்டியாலா, குவாலியர் விளையாட்டுக் கல்வி நிறுவனங்களும். வெளிநாட்டுச் சான்றிதழ்களில் நம் நாட்டு விளம்பரங்களில் அதிகம் கேட்கப்படுவது அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. அமைப்பு தரும் சி.எஸ்.சி.எஸ். அதற்குப் பட்டம் வேண்டும், முதலுதவிப் பயிற்சியில் இதய மறுஉயிர்ப்புச் சான்றும் வேண்டும். தேர்வு இரண்டு பகுதி: ஒன்று அறிவியல், மற்றொன்று செய்முறை அறிவு. ஆஸ்திரேலிய அமைப்பின் முதல்நிலைச் சான்றிதழையும் இங்கே பலர் வைத்திருக்கிறார்கள்.

என் கருத்து இது: வெளிநாட்டுச் சான்றிதழுக்கு அவசரம் வேண்டாம். கட்டணம் டாலரில்; தேர்வும் எளிதல்ல. முதல் ஆண்டை ஒரு விடுதியில் உதவியாளராகக் கழியுங்கள். 25 பிள்ளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தி, ஐவர் கவனம் சிதறாமல், இருவர் சண்டை போடாமல், எல்லோரையும் சரியான பஸ்கி எடுக்கவைக்கும் கலை எந்தத் தேர்விலும் வராது. அது கைவந்த பிறகு படித்தால் பாடமும் சட்டென்று புரியும்.

வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தை வாசியுங்கள். பல இடங்கள் 11 மாதம் அல்லது ஓராண்டு ஒப்பந்தமே தருகின்றன. சம்பளத்துக்கு அப்பால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் எந்த மருத்துவமனை, யார் பணம் கட்டுவது? வெளியூர்ப் போட்டிக்கு அணியோடு நான் போவேனா? உபகரணம் வாங்க நிதி உண்டா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், நாளை ஏதாவது நடந்தால் பழி உங்கள் தலையில் விழும்.

முதல் இரண்டு வாரம்

எதையும் மாற்றாதீர்கள். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போங்கள், பாருங்கள், எழுதுங்கள். பிள்ளைகள் என்ன செருப்பில் வருகிறார்கள், என்ன ஷூவில் ஓடுகிறார்கள், காலையில் என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள். பலர் கட்டாந்தரையிலும் கரிசல் மண்ணிலும் ஆடிப் பழகி, விடுதிக்கு வந்த பிறகுதான் செயற்கை டர்ஃபில் காலை வைக்கிறார்கள். தரை மாறிய முதல் சில வாரங்களில் முன்னங்காலில், எலும்பை ஒட்டி வலி வருவது வாடிக்கை. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நாளே மற்றவர்களோடு முழுநேரம் டர்ஃபில் விடாமல், பாதி நேரம் புல்தரையில் வைத்துப் படிப்படியாகக் கூட்டினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பிறகு அளவெடுங்கள். பிறந்த தேதி, எடை, நின்ற உயரம், உட்கார்ந்த உயரம். தேதியைத் தவிர மற்ற மூன்றையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது எந்தப் பெரிய பரிசோதனையையும்விடப் பயன் தரும். பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்வார்கள். அந்தக் கட்டத்தில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர்கூட வளரலாம். எலும்பு முன்னே ஓட, தசையும் தசைநாரும் பின்னால் வரும். நேற்று வரை லாகவமாக ஆடிய பையன் திடீரென்று தடுமாறுவான். குதிகாலிலோ முழங்கால் சில்லுக்குக் கீழேயோ வலிக்கிறது என்பான். "சோம்பேறித்தனம்" என்று அவனைத் திட்டும் பெரியவர்கள் மத்தியில், "சார், இவன் நாலு மாசத்துல நாலு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கான், குதிக்கிறதையும் பாயுறதையும் கொஞ்ச நாள் குறைப்போம்" என்று தாளைக் காட்டிப் பேசக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு 14 வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் இன்னும் சிறுவனாகவே இருப்பான். இருவருக்கும் ஒரே எடை, ஒரே தூரம் என்று எழுதுவது தவறு. தேர்வுக் குழுவிலும் இதைச் சொல்லுங்கள். சீக்கிரம் வளர்ந்தவனே திறமைசாலி என்று எடுத்துக்கொண்டு, மெதுவாக வளர்பவனை வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் நமக்குப் பல நல்ல வீரர்களை இழக்கவைக்கிறது.

சோதனைகள் என்று பார்த்தால் நான்கு போதும். 10 மீட்டர் ஓட்டம், 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டல், யோ-யோ. யோ-யோ சோதனையில் 20 மீட்டர் போய்த் திரும்பி, பத்து நொடி இளைப்பாறி, ஒலிக்கேற்ப வேகம் கூடக்கூட ஓட வேண்டும். இந்திய அணி முகாமிலும் இதை நடத்துகிறார்கள். பன்னிரண்டு வயதுக் குழந்தையை அதில் மூச்சு முட்ட ஓடவைத்து ஆவது ஒன்றுமில்லை. 15 வயதுக்கு மேல் போதும்.

பயிற்சி: குறைந்த பொருளில் நிறைய

உங்களுக்கு முதலில் கிடைக்கும் ஜிம் அநேகமாக ஒரு வராண்டாவாக இருக்கும். பரவாயில்லை. முதல் ஆறு மாதத்துக்கு உடல் எடை, இரண்டு மூன்று மெடிசின் பால், ரப்பர் பட்டைகள், ஓர் உறுதியான பெஞ்ச் போதும்.

தாண்டிவிட்டுச் சத்தமில்லாமல் தரையில் இறங்கக் கற்றுக்கொடுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. பஸ்கி, ஒற்றைக்கால் பஸ்கி, இடுப்பிலிருந்து முதுகு வளையாமல் குனிந்து எழுதல், தண்டால், பாரில் தொங்கி இழுத்தல், கனமானதைத் தூக்கிக்கொண்டு நேராக நடத்தல். இவை சுத்தமாக வந்தபின் கம்பி, அதற்குப் பின் எடை. ஒரு பிள்ளை எட்டு முறை பிசகில்லாமல் செய்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். ஆறாவது முறையிலேயே முதுகு வளைந்தால் குறையுங்கள். இதைவிடச் சிக்கலான அட்டவணை இந்த வயதுக்குத் தேவையில்லை.

இரண்டு பயிற்சிகளை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ஒன்று நார்டிக்: மண்டியிட்டு நிற்க, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னே சாய்வது. ஹாம்ஸ்ட்ரிங் காயங்களை இது ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாகப் பல விளையாட்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மற்றொன்று கோபன்ஹேகன்: ஒருக்களித்துப் படுத்து, மேல்காலைக் கூட்டாளியோ பெஞ்சோ தாங்க, உள்தொடையால் உடலைத் தூக்குவது. நார்வே கால்பந்து அணிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில் இடுப்பு மடிப்புத் தொந்தரவுகள் 41 சதவீதம் குறைந்தன. ஹாக்கிக்காரருக்கு அந்த இடம் கால்பந்துக்காரரைவிடக் குறைவாக வேலை செய்வதில்லை. இரண்டுக்கும் ஜிம் வேண்டாம், நண்பன் ஒருவன் போதும். தொடக்கத்தில் வாரம் ஒருமுறை, நாலைந்து எண்ணிக்கை. அடுத்த இரண்டு நாள் தொடை நன்றாக வலிக்கும். ஆகவே போட்டி நெருங்கும் வாரத்தில் புதிதாக ஆரம்பிக்காதீர்கள்.

வார அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வலுப் பயிற்சி இரண்டு நாள், ஒவ்வொன்றும் முக்கால் மணிக்குள். முழு வேகப் பாய்ச்சல் இரண்டு நாள், பிள்ளைகள் களைப்பில்லாமல் இருக்கும்போது, வார்ம் அப் முடிந்த கையோடு. கடினமான கால் பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் இருக்கட்டும். ஒரு நாள் முழு ஓய்வு. மார்ச்சில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு வரும்போது பாதியாகக் குறைத்துவிடுங்கள். தூக்கமும் மனதும் ஏற்கெனவே அங்கே செலவாகிக்கொண்டிருக்கும்.

"வெயிட் தூக்கினா பிள்ளை வளர மாட்டானே, சார்?" என்று பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை, அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. கண்காணிப்போடு, முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்காது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் உட்படப் பல அமைப்புகளின் நிலைப்பாடு. வாயால் விளக்குவதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துப் பயிற்சியை நேரில் பார்க்கவையுங்கள். பிள்ளையின் உயரப் பதிவையும் கையில் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: உடற்பயிற்சியைத் தண்டனையாகக் கொடுப்பது. தாமதமாக வந்ததற்குத் தண்டால், கோல் விட்டதற்கு ரவுண்டு என்று பழக்கினால் பிள்ளை தண்டாலை வெறுக்கும். வெறுப்பதை யாரும் சரியாகச் செய்ய மாட்டார்கள். தண்டனை வேண்டுமென்றால் கோன்களைப் பொறுக்கி அடுக்கச் சொல்லுங்கள்.

ஹாக்கி மாஸ்டரோடு வேலை செய்வது

இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் அறிவியல் தெரியாமல் தோற்பதில்லை. ஹாக்கிப் பயிற்சியாளரோடு ஒத்துப்போகத் தெரியாமல்தான் தோற்கிறார்கள். அவர் உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருப்பார். பழைய மாநில வீரராக இருப்பார். அந்தப் பிள்ளைகளை ஊர் ஊராகப் போய்த் தேடிக் கொண்டுவந்தவர் அவர். நீங்கள் லேப்டாப்போடு வந்த புதியவர். அவருடைய அனுபவத்தை மதிக்காமல் ஒரு வரி பேசினாலும் கதவு மூடிவிடும்.

தோற்ற மறுநாள் காலை அவர் பத்து ரவுண்டு ஓடச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் மறுக்காதீர்கள். பக்கத்தில் போய், "மாஸ்டர், நேத்து மேட்ச்ல மூணு பேருக்குத் தொடை பிடிச்சிருக்கு. இன்னிக்கு லேசா விட்டுட்டு நாளைக்கு நீங்க சொல்ற மாதிரி கடுமையாப் பண்ணலாமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். அவர் மறுத்தால் அந்த மூவரை மட்டுமாவது ஒதுக்கி வைக்க அனுமதி வாங்குங்கள்.

வாதத்தைவிட எண் உதவும். பயிற்சி முடிந்து சுமார் அரைமணி கழித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள்: "இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?" அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்குங்கள். 60 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால் 360. வாரம் முழுக்கக் கூட்டினால் அந்தப் பிள்ளையின் சுமை தெரியும். ஒரு வாரம் 1,500, அடுத்த வாரம் 2,800 என்று தாவினால் காயம் வாசலில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும். வாரந்தோறும் ஒரே ஒரு தாளாக மாஸ்டர் மேஜையில் வையுங்கள். சில மாதம் கழித்து அவரே, "இந்த வாரம் தாள் எங்கப்பா?" என்று கேட்பார்.

வலி நாட்கணக்கில் நீடித்தாலோ, வீக்கம் இருந்தாலோ, தலையில் பந்து பட்டாலோ உங்கள் அதிகாரம் அங்கே முடிகிறது. பந்தின் எடை 160 கிராமை ஒட்டி, கல்லைப் போன்ற இறுக்கம். தலையில் அடிபட்ட பிள்ளை அன்று திரும்ப ஆடக் கூடாது. மருத்துவர் பார்க்க வேண்டும். யார் வற்புறுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பெண் பிள்ளைகள், உணவு, வெயில்

பெண்கள் அணிக்குப் போகிறீர்கள் என்றால் முழங்கால் தசைநார் கிழிவு ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் வருவதை அறிந்து, இறங்கும் பயிற்சியையும் திசை மாற்றத்தையும் சிறு வயதிலேயே தொடங்குங்கள். மாதவிடாய் தொடர்ந்து மாதக்கணக்கில் வராமல் நின்றால் அது "கடுமையாகப் பயிற்சி செய்கிறாள்" என்பதற்கான அடையாளம் அல்ல. அவள் செலவழிக்கும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடவில்லை, எலும்பு பலவீனமாகலாம் என்ற எச்சரிக்கை. ரத்தசோகையும் நம் பிள்ளைகளிடம் சாதாரணம். ஆண்டுக்கு இருமுறை ஹீமோகுளோபின் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இதையெல்லாம் பேச ஒரு பெண் பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும். ஆண் பயிற்சியாளர் தனியறையில் அளவெடுப்பது, இரவில் தனிச்செய்தி அனுப்புவது எதுவும் கூடாது. 18 வயதுக்குக் கீழானவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. நிர்வாகம் "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றாலும் உங்கள் கடமை மாறாது.

விடுதிச் சமையலறையோடு நட்பாக இருங்கள். இட்லியோடு இரண்டு முட்டை சேர்ந்தால் 12 கிராம் புரதம் கூடும். மாலைப் பயிற்சி முடிந்த கையோடு சுண்டலும் வாழைப்பழமும் கிடைத்தால் பவுடர் டப்பாவுக்கு வேலை இல்லை. அந்த டப்பாக்களில் எழுதாத பொருளும் கலந்திருக்கலாம். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், "எனக்குத் தெரியாது" என்ற பதில் பிள்ளையைக் காப்பாற்றாது. கொடுத்த பயிற்சியாளருக்கும் தடை வரலாம்.

தென் மாவட்டத்து வெயிலில் மாலைப் பயிற்சியை நான்கரைக்கு முன் ஆரம்பிக்காமல் இருப்பதே நல்லது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. உப்புப் போட்ட மோர் அதற்குக் கைகண்ட பானம். தூக்கம் இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஐந்து மணிக்கு எழுப்பும் விடுதியில் ஒன்பதுக்கு விளக்கு அணைய வேண்டும், செல்போனும் அதற்கு முன்பே பெட்டிக்குள் போக வேண்டும்.

அடுத்த படிக்கு

ஆண்டு முடிவில் உங்களிடம் ஒரு கோப்பு இருக்க வேண்டும்: எத்தனை பயிற்சி நாட்கள், காயத்தால் எத்தனை நாட்கள் இழப்பு, எந்த உறுப்பில், ஓட்ட நேரங்கள் எப்படி மாறின. பெயர்களை நீக்கிவிட்டு இதை நேர்காணலுக்குக் கொண்டு போங்கள். இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையங்களிலோ மாநில அணியிலோ கேட்பவர்களுக்குச் சான்றிதழ்களை அடுக்குபவரைவிட, "என் முதல் ஆண்டில் இத்தனை ஹாம்ஸ்ட்ரிங் காயம், இரண்டாம் ஆண்டில் இத்தனை, இதற்காக இதைச் செய்தேன்" என்று சொல்பவர் வேலை தெரிந்தவராகத் தெரிவார்.

கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருப்பவர்கள் விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஹாக்கி ஆடும் பள்ளியோ விடுதியோ எது என்று விசாரித்து, அந்த மாஸ்டரை நேரில் பாருங்கள். வார்ம் அப் கொடுக்கவும் உயரம் அளக்கவும் மூன்று மாதம் அனுமதி கேளுங்கள். பெரும்பாலான மைதானங்களில் இந்த இரண்டையும் செய்ய இன்றைக்கு ஆள் இல்லை.